கறுத்தக்கொழும்பானுக்கு அக்காவின் வோட்டு

அக்கா,

நான் மிளகாய் வறுக்கிற நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் நாய்கூட நடக்காது. "உன்ரை மூக்கு செத்துக் கனகாலமடி" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தும்மித் தும்மிச் சொல்வீர்கள். செத்த மூக்கு இன்று காலையில் உயிர்த்தெழுந்துவிட்டது. தாச்சியில் மிளகாயைப் பிரட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த நெடியை விலக்கிக்கொண்டு வேறொரு மணம் குசினிக்குள் வந்தது. மாம்பால் மணம். வெட்டின கொப்பிலிருந்து வடியும் பச்சைப் பால். அகப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் ராசன் உங்கள் மரத்தில் ஏறி நிற்கிறான். இடுப்பில் கயிறு, கையில் மரம் அரிகிற வாள்.

ஓம் அக்கா, உங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில்தான். ஐப்பசி முடியப்போகிறது. கார்த்திகைக் காற்றுக்கு முன்னால் மரத்துக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்று உங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் பிடிவாதமாக நின்றார்கள். அடியோடு தறிப்பதா, கொப்புகளை மட்டும் மெல்லிசாக்குவதா என்பதுதான் கேள்வி. ராசன் மேலே எதைச் செய்துகொண்டிருக்கிறான் என்பதை இப்போது சொல்லமாட்டேன். கதைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிற ஆள் நீங்கள். இந்த ஒரு தடவையாவது பொறுமையாக இருங்கள்.

இப்போது நான் எழுதுகிற எழுத்தில் பிழை பிடிக்க நீங்கள் இல்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள் நான். நீங்களோ தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் வெளிநாட்டுக்கு மிளகாய்த்தூள் அனுப்பும் பார்சல்களில் விலாசம் எழுதும்போது தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பீர்கள். "எடியே ரஞ்சி, இந்த எழுத்தைப் பாத்தால் உன்ரை தூள் சுவிசுக்குப் போகாது, சிறைக்குத்தான் போகும்" என்று சொல்லிப் பேனையைப் பறிப்பீர்கள். பறித்து நீங்கள் எழுதின விலாசத்துக்கு எல்லாத் தூளும் போய்ச் சேர்ந்தது. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு. அந்தப் பொட்டை யார் வைத்தது என்பதில் நாங்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் அதை அடைக்கவேண்டும் என்று இரண்டு பேரும் ஒருநாளும் சொன்னதுமில்லை. மரம் உங்கள் பக்கத்தில், வேலிக்குக் கிட்ட நின்றது. ஒரு பெரிய கொப்பு உங்கள் வீட்டுப் பின்பக்கக் கூரைக்கு மேலே போனது. மற்றப் பெரிய கொப்பு, வெட்கமில்லாமல், வேலியைத் தாண்டி என் குசினிக்கு மேலே வந்து படுத்துக்கொண்டது. என் குசினி என்றால் சமைக்கிற இடம் மட்டுமில்லை. தூள் வறுக்கிறதும் அரிக்கிறதும் அடைக்கிறதும் அங்கேதான். கூரை வெறும் கல்நார் சீற். அந்தக் கொப்பு ஒருநாள் இறங்கினால் குசினியும் இல்லை, தொழிலும் இல்லை, அந்த நேரம் அடுப்படியில் இருந்தால் நானும் இல்லை.

மாங்காய்க் காலத்தில் சீற்றில் மாங்காய் விழும் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் கதிரையை விட்டு ஒரு முழம் எழும்புவார். நீங்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சட்டம் சொல்வீர்கள்: "உன்ரை கூரையிலை விழுந்த மாங்காய் உனக்கு. சீற் உடைஞ்சால் அதுவும் உனக்கு."

"கொப்பு விழுந்தால் அக்கா?"

"கொப்பு எங்கடை. வந்து எடுத்துக்கொண்டு போவம்."

"என்னையும் சேத்தோ?"

"உன்னை ஏன்? உன்னை எடுத்தால் கதைக்கிறதுக்கு ஆள் வேணுமே."

சிரித்துக்கொண்டுதான் கதைத்தோம். ஆனால் கார்த்திகை பிறந்து வாடைக்காற்று கடல் பக்கத்திலிருந்து திரும்பினால் என் சிரிப்பு வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். கொப்பு சீற்றை உரசும் சத்தம், கோழி கூரையைக் கீறுவது மாதிரி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பகலில்கூடத் தாச்சியையும் தூள் வாளிகளையும் முன்விறாந்தைக்குக் காவிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பெருமழைக்குள் நான் வாளியோடு ஓடுவதை உங்கள் யன்னலால் பார்த்தீர்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் வந்து மற்ற வாளியைத் தூக்கினீர்கள். ஒன்றும் கதைக்கவில்லை. நீங்கள் கதைக்காமல் இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மழை விட்டதும் சொன்னீர்கள்: "உது என்ரை தனி மரம் இல்லையடி. பிள்ளையளைக் கேக்கவேணும். வோட்டு வைப்பம்."

தேர்தல் கடமைக்குப் போய்ப் பழகின ஆள் நீங்கள். எதற்கும் வோட்டுத்தான். கிணற்றுக்கு என்ன நிறத்தில் மூடி போடுவது என்பதற்கே வோட்டு வைத்தவர். அடுத்த ஞாயிறு உங்கள் வேதக்கோயிலால் வந்து சாப்பிட்டுவிட்டு, போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்து, மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்தீர்கள். கனடாவில் மூத்தவள் கண் கசக்கிக்கொண்டு கோப்பி குடித்தாள். லண்டன்காரன் காரில் இருந்தான். பிரான்சில் இருக்கிற சின்னவன் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எப்போது போனில் வந்தாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். நானும் தேத்தண்ணியோடு மூலையில் இருந்தேன், பார்வையாளராக.

மூத்தவளின் முதல் கதையே ஊஞ்சல்தான். "அம்மா, மரத்திலை கை வைக்கக் கூடாது, அதுவும் ஊஞ்சல் கொப்பிலை." அது உங்கள் கூரைப் பக்கம் போன கொப்பு. ஊஞ்சல் கயிறு எப்போதோ உக்கிப்போய்விட்டது, ஆனால் அவளுக்கு அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

லண்டன்காரன், "ஒரு கொப்பும் வெட்டத் தேவையில்லை, இவ்வளவு காலமும் நிண்ட மரம்தானே" என்றான்.

"தம்பி, நிண்ட மரம்தான் விழுறது. விழுந்து கிடக்கிற மரம் விழாது" என்று மூலையிலிருந்து சொன்னேன்.

"அன்ரிக்கு வோட்டு இல்லை" என்றாள் மூத்தவள், சிரித்துக்கொண்டுதான்.

"என்ரை தலைக்கு மேலை நிக்கிற கொப்புக்கு எனக்கு வோட்டு இல்லையோ பிள்ளை? கனடாவிலை இருந்து பாக்க அது ஊஞ்சல். அடியிலை இருந்து பாக்க அது அம்மிக்கல்."

சின்னவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நான் அன்ரியின்ரை பக்கம். அவவின்ரை தூள் இல்லாட்டில் நான் இஞ்சை செத்துப்போவன்" என்றான். ஒன்றுக்கு இரண்டு. மூத்தவளும் லண்டன்காரனும் வேண்டாம் என்ற பக்கம்.

அப்போது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். தீர்ப்புச் சொல்லப்போகிறீர்கள் என்று அர்த்தம். "அம்மாவின்ரை வோட்டுக்கு ரெட்டைப் பெறுமதி" என்றீர்கள்.

"அது எப்ப போட்ட சட்டம்?" என்றான் லண்டன்காரன்.

"உன்னைப் பெத்த அண்டைக்கு." கண்ணாடியைத் திரும்பப் போட்டீர்கள். "அந்த வோட்டை நான் போடேல்லை. ரஞ்சியிட்டைக் குடுக்கிறன். கொப்பின்ரை அடியிலை இருக்கிறவள் சொல்லட்டும்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். பகிடி சொல்ல வாய் வரவில்லை. பெரிய அதிசயம்தான். "குசினிக்கு மேலை வந்ததை மட்டும் எடுப்பம் அக்கா. ஊஞ்சல் கொப்பு நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் சம்மதித்தார்கள். மூத்தவள் எனக்குப் போன் திரையில் கை காட்டினாள்.

வெட்டு நாள் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு நோகிறது, சிரிப்பில்தான். கரவெட்டியில் இருந்து ராசன் வந்தான். நான் வெள்ளிக்கிழமை பார்த்து, சூடம் கொளுத்தி மரத்தடியில் வைத்தேன். கை வைக்கப்போகிறோம், பொறுத்துக்கொள் என்று மரத்திடம் சொல்லாமல் வாள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் மரத்துக்கு மற்றப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிச் செபம் செய்தீர்கள். செபம் நீண்டுகொண்டே போனது. சூடம் அணைந்துவிட்டது. இரண்டாம் சூடம் கொளுத்தினேன். ராசன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டு பக்கத்தாலையும் காப்புக் கிடைச்சிட்டுது, இனி நான் விழவே ஏலாது. ஏறட்டே?" என்றான்.

பிள்ளைகளும் பார்க்கவேண்டும் என்றார்கள். லண்டனில் விடியவில்லை, அவன் போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தான். சின்னவனும் வந்தான், சாப்பாட்டோடு. நீங்கள் போனை மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடியின் நுனியில் துணியால் கட்டி, தடியை உயர்த்திப் பிடித்தீர்கள். அந்தக் காட்சியைப் பார்க்க ஒழுங்கையில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். ராசனிடம் கண்டிப்பாகச் சொன்னீர்கள்: "போனிலை தம்பி சொல்லுவான். அவன் சொல்லுறபடி செய்."

ராசன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபோது லண்டன்காரன் "வலப்பக்கக் கொப்பு" என்றான். அதுவரை சரி. பிறகு ராசன் கயிறு போட வசதி பார்த்து அடிமரத்தைச் சுற்றி மற்றப் பக்கம் போய், எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். இப்போது அவனுடைய வலது வேறு பக்கம். அந்த நேரம் பார்த்துப் போனில் படம் அப்படியே நின்றுவிட்டது, சத்தம் மட்டும் வந்தது. உங்கள் கண் மரத்தில் இல்லை, போன் திரையில். நான் குசினிக்குள் தாச்சிகளை வெளியே காவிக்கொண்டிருந்தேன். "வலதுதானே தம்பி?" என்று ராசன் கேட்கிறான். "ஓமோம், வலது, வலது" என்று நின்றுபோன படத்தைப் பார்த்து லண்டன் சொல்கிறது. "கெதியா வெட்டுங்கோ, எனக்கு வேலைக்குப் போகவேணும்" என்று பிரான்ஸ் சொல்கிறது.

ராசன் வேலையைக் குறை சொல்ல முடியாது. பட்டை கிழியாமல் இருக்க முதலில் அடிப்பக்கத்தால் ஒரு வெட்டு, பிறகு மேலால் வெட்டு, கயிற்றில் தொங்கவிட்டு மெல்ல மெல்ல இறக்கினான். ஆசுபத்திரியில் ஆளைக் கட்டிலில் இறக்குவது மாதிரி. நான் கடைசித் தாச்சியோடு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். என் குசினிக்கு மேலே கொப்பு அப்படியே கால் நீட்டிக் கிடக்கிறது.

"அக்கா, வெட்டின கொப்பு எங்கை?"

நீங்கள் தடியை இறக்கி, போனிலிருந்து கண்ணை எடுத்து, அப்போதுதான் மரத்தைப் பார்த்தீர்கள். அதே நேரம் போனில் படம் திரும்ப ஓடத் தொடங்கியது. நித்திரையை விட்டு எழும்பிப் புதிதாக வந்து சேர்ந்த மூத்தவளின் முதல் சத்தம்: "ஐயோ அம்மா, என்ரை ஊஞ்சல் கொப்பு."

ராசன் மேலே இருந்து, "எனக்கும் யோசினை வந்ததுதான் அம்மா. குசினி அங்காலைதானே எண்டு. ஆனா போனிலை சொல்லுறபடி செய் எண்டு நீங்கள்தானே சொன்னியள்" என்றான்.

நீங்கள் அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நான் உங்களைப் பிடிக்கக் கிட்ட வந்தேன். உங்கள் தோள் குலுங்கியது. மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. நின்று சிரிக்க முடியாமல் உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டீர்கள். "ரெண்டு நாட்டிலை இருந்து பாத்து, மரத்தடியிலையும் நிண்டு பாத்து, வெட்டக்கூடாது எண்டு வோட்டுப் போட்ட கொப்பைத்தானடி வெட்டிப்போட்டம்." லண்டன்காரன் போர்வையைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டான். சின்னவன் சாப்பிடுவதை நிறுத்தினான். அன்றைக்குத்தான் அவனுடைய முழு முகத்தையும் நான் பார்த்தேன்.

மூத்தவள் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கி, "பிள்ளை, உன்ரை தம்பி வெட்டின கொப்பு. அவனிட்டை லண்டனிலை ஒரு ஊஞ்சல் வாங்கித் தரச் சொல்லிக் கேள்" என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

பிறகு ராசன் என் பக்கத்துக் கொப்பையும் கவட்டுவரை எடுத்துவிட்டான். சட்டைக் கை இரண்டையும் மடித்துவிட்ட ஆள் மாதிரி மரம் நின்றது. "சண்டைக்கு நிக்கிறான் பார்" என்றேன். "இல்லையடி, சமைக்க நிக்கிறான்" என்றீர்கள். ஊஞ்சல் கொப்பின் அடித்துண்டை மரம் அரிகிற மரக்காலைக்கு அனுப்பி, எனக்கு ஒரு பலகைக்கட்டை செய்வித்தீர்கள், தாச்சிக்கு முன்னால் குந்தி இருந்து கால் நோகிறது என்று நான் புலம்புவதால். கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தா, ஊஞ்சல். நீ இருந்து ஆடு" என்றீர்கள். இதை எழுதுவதும் அந்தப் பலகைக்கட்டையில் இருந்துதான். ஆடவில்லை. நான் இருந்தால் எது ஆடும்?

அந்த வருஷம் அடித்த புயல் உங்களுக்கு மறந்திருக்காது. பகல் முழுக்க அடித்தது. எதிர் வளவில் நின்ற வாகை வேரோடு சாய்ந்து மதிலை உடைத்தது. என் முருங்கை வழக்கம்போல முதல் காற்றிலேயே படுத்துவிட்டது, அது காற்று என்ற பெயரைக் கேட்டாலே படுக்கிற சாதி. மத்தியானம் நீங்கள் வேதப்புத்தகத்தையும் ரோச் லைட்டையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பொட்டுக்குள்ளால் வந்தீர்கள். "உன்ரை குசினிதான் இப்ப பாதுகாப்பு" என்றீர்கள். எந்தக் குசினி? நான் இவ்வளவு காலமும் தாச்சி காவிக்கொண்டு ஓடின அதே குசினி. உங்களுக்குப் பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். பலகைக்கட்டையில் நீங்கள், சாக்கில் நான், கதவு நிலையில் என் வீட்டுக்காரர். மூன்று பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொப்புகள் நடுவே இடைவெளி இருந்தபடியால் காற்று வந்து மோதி நிற்கவில்லை. இலைகளை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போனது. மரம் அசைந்தது, முறுகியது, திரும்ப நிமிர்ந்தது.

"பாரடி" என்றீர்கள், "எங்கடை கந்தோர் மாதிரி. ஒரு கதவாலை சனம் வருகுது, மற்றக் கதவாலை போகுது. ஒருத்தரும் நிண்டு சண்டை பிடிக்கேல்லை."

"உங்கடை கந்தோரிலை சனம் நிண்டு சண்டை பிடிக்காததோ அக்கா? நானே பிடிச்சிருக்கிறன்."

"நீ சனம் இல்லையடி. நீ புயல்."

அடுத்த நாள் ராசன் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தால் மற்றப் பக்கப் பாரம் உங்கள் கூரையில் இழுத்திருக்கும் என்றான். பிழையாக வெட்டின ஊஞ்சல் கொப்புத்தான் உங்கள் வீட்டைக் காப்பாற்றியது. அதை நீங்கள் உடனே லண்டனுக்கு எடுத்துச் சொன்னீர்கள். அவன் அந்தப் புகழைத் தனக்கு எடுத்துக்கொண்டான். இன்றைக்கும் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் ராசன் வருவான். காய்ந்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, உள்ளே நெருங்கி முளைத்தது எல்லாவற்றையும் எடுப்பான். நீங்கள் கீழே நின்று கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்துச் சொல்வது ஒரே சொல்தான்: "காத்துக்கு வழி விடு ராசன், மொட்டை அடிச்சுப்போடாதை."

நீங்கள் போனது மாசியில். மரம் முழுக்கப் பூத்திருந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் வந்தார்கள். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்று பேரும் மரத்தடியில் பாய் போட்டு இருந்தார்கள், பூ உதிர்ந்து தலையில் விழ விழ. நான் இடியப்பம் கொடுத்தேன். சின்னவன் அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டான். நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். போகும்போது உங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு பூட்டினபடி. போன மாதம் எங்கோ புயலில் மரம் விழுந்து வீடு நொருங்கின படத்தை மூத்தவள் போனில் பார்த்துவிட்டாள். உடனே எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, வீடு சும்மா கிடக்குது. நாங்கள் ஒருத்தரும் அங்கை இல்லை. மரம் விழுந்து உங்களுக்கு ஒண்டு ஆனால் நாங்கள் என்ன செய்யிறது? அடியோடை தறிச்சு விடுங்கோ."

அவளில் பிழை சொல்ல முடியாது அக்கா. அவள் என் தலையை நினைத்துத்தான் சொல்கிறாள். இந்தக் கொப்பை வெட்டுங்கோ, வெட்டுங்கோ என்று உங்கள் வேலியைச் சுற்றி அழுதவள் நான். இப்போது முழு மரத்தையும் வெட்டச் சொல்லி அனுமதி கிடைத்திருக்கிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ராசனைக் கூப்பிட்டேன். ஆசைக்காக மரத்தை வைத்திருந்து தலையைக் கொடுக்க நான் விசரி இல்லை. "உண்மையைச் சொல்லு, நிக்குமோ?" என்றேன். கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். வேர்ப்பக்கம் மண்ணைக் கிளறிப் பார்த்தான். ஏறிக் கவட்டுகளைப் பார்த்தான். "உள்ளுக்கை உக்கிக் கோறை விழேல்லை அக்கா. வேரும் கிளம்பேல்லை. இந்த வருஷம் உச்சியைக் கொஞ்சம் பதிய வெட்டி, உள்ளுக்கை மெல்லிசாக்கிவிட்டால் நிக்கும். வருஷா வருஷம் பாக்கவேணும். பாக்க ஆள் இல்லாட்டில் தறிக்கிறதுதான் சரி" என்றான்.

பார்க்க ஆள் இல்லாவிட்டால். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு. உங்கள் வீட்டைத் திறந்து, அதே பூச்சாடியில் என் போனைச் சாய்த்து வைத்து, மூன்று பேரையும் அழைத்தேன். கூட்டத்துக்குத் தலைவி நான்தான். மூத்தவள் தறிக்கச் சொன்னாள். லண்டன்காரன் கொஞ்சம் யோசித்து, தன் அக்கா சொல்வதுதான் நல்லது என்றான். சின்னவன், "அன்ரிக்கு ஒண்டு நடந்தால் எனக்குத் தூள் ஆர் அனுப்புறது" என்றான். மூன்று வோட்டும் தறிக்கிற பக்கம்.

"இன்னும் ஒரு வோட்டு இருக்கு" என்றேன்.

"அன்ரி, உங்களுக்கு வோட்டு இல்லை எண்டு அப்பவே சொன்னனான்" என்றாள் மூத்தவள்.

"என்ரை இல்லை பிள்ளை. உங்கடை அம்மாவின்ரை. ரெட்டைப் பெறுமதி. என்னட்டைத் தந்தவ, இதே மேசையிலை, உங்கள் மூண்டு பேருக்கும் முன்னாலை."

"அது அண்டைக்கு ஒரு நாளுக்குத் தந்தது அன்ரி."

"திருப்பிக் கேக்கேல்லையே."

லண்டன்காரன் காரை ஓரமாக நிறுத்தினது தெரிந்தது.

"நான் உங்களை ஏமாத்தேல்லை" என்றேன். "இது விழுந்தால் முதல் விழுறது என்ரை கூரையிலை. அடியிலை இருக்கிறவள் சொல்லட்டும் எண்டு அக்கா சொன்னவ. நான் சொல்லுறன், நிக்கட்டும். வருஷா வருஷம் ராசனைக் கூப்பிடுவன். கோறை விழுந்தால் நானே தறிப்பிப்பன், வோட்டே கேக்கமாட்டன்." பிறகு போனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். ஊஞ்சல் கொப்பை வெட்டின இடத்துக்குக் கிட்டப் பிடித்தேன். வெட்டுவாய் நான்கு பக்கமும் பட்டை வளர்ந்து மூடிக்கொண்டு வருகிறது, பக்கத்தில் முளைத்த புதுக்கொப்பு என் கை மொத்தம் வந்துவிட்டது. "உன்ரை தம்பி வெட்டினது. ஆனா மரம் கோவிக்கேல்லை பாத்தியே."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா, உங்கள் சிரிப்பு. மூச்சை உள்ளே இழுத்து இழுத்து. "அம்மா குடுத்ததை நான் எப்பிடித் திருப்பி வாங்குறது" என்றாள். "நிக்கட்டும் அன்ரி. நான் உங்கடை பக்கம் மாறுறன்."

"நானும்" என்றான் லண்டன்காரன். "ஆனா இந்த முறை வலது இடது நான் சொல்லமாட்டன்."

"நீ வாயே திறக்கக் கூடாது" என்றான் சின்னவன், வாய் நிறையச் சோற்றோடு.

அதனால்தான் அக்கா, ராசன் இப்போது மேலே நிற்பது. மெல்லிசாக்கத்தான். காலையில் சூடம் கொளுத்தினேன். பிறகு உங்கள் பக்கத்துக்குப் போய் நின்றேன், அந்தப் பக்கம் சும்மா கிடக்கக்கூடாது என்று. எனக்கு உங்கள் செபம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். நிற்கவேண்டிய அளவுக்கு நின்றேனா தெரியாது, ராசன் "காணும் அக்கா, அம்மாவை விடக் கூடப் போகுது" என்றபிறகுதான் ஏறினான். மிளகாய் வறுக்கப் போனவள், மாம்பால் மணத்துக்கு வெளியே வந்து, கீழே நின்று கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தேன். வாய் தன்பாட்டில் திறந்தது. "காத்துக்கு வழி விடு ராசன், மொட்டை அடிச்சுப்போடாதை." அவன் வாளை நிறுத்திவிட்டுக் குனிந்து என்னைப் பார்த்தான். பிறகு திரும்ப வெட்டத் தொடங்கினான்.

மிளகாய் ஒரு தாச்சி கருகிப்போய்விட்டது, உங்களால்தான். சுவிசுக்குப் போகவேண்டிய மிளகாய். இனித் திரும்ப வறுக்கவேண்டும்.

உங்கள் வீட்டுத் திறப்பை என்றாவது ஒருநாள் பிள்ளைகள் வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். வோட்டைக் கொடுக்கமாட்டேன் அக்கா. அது என்னிடம்தான் இருக்கிறது. திருப்பி வேண்டுமென்றால் நீங்களே பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து கேளுங்கள். பொட்டை நான் அடைக்கவில்லை.

ரஞ்சி